மெல்லிங் துரை எழுதாத அறிக்கை

ஹாஜிரா அந்த மென்பொருளை முதலில் எழுதியது கோபத்தில்தான்.

அவளுடைய ஆய்வேட்டை வழிகாட்டிப் பேராசிரியர் மறுபடியும் திருப்பிக் கொடுத்திருந்தார். ஆய்வில் அவர் குறை எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பக்கங்களில் வரும் துணைநூற்பட்டியல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் பெயருக்குப் பின்னால் காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி இருந்தது. நூலின் பெயர் சில இடங்களில் சாய்ந்தும் சில இடங்களில் நிமிர்ந்தும் நின்றது. ஆண்டு, அடைப்புக்குறிக்கு உள்ளேயும் வெளியேயுமாக அலைந்துகொண்டிருந்தது.

“என்ன கண்டுபிடிச்சேன்னு ஒரு வார்த்தை கேக்கல்ல ததேயு. கமாவ எண்ணிக்கிட்டு இருக்காரு மனுஷன்” என்று பல்கலைக்கழகக் கேன்டீனில் பொருமினாள்.

எதிரே பழம்பொரி தின்றுகொண்டிருந்த ததேயுஸ் சிரித்தான். அவன் கருந்துறை என்ற கடற்கரை ஊர்க்காரன். தலைமுறை தலைமுறையாக மீன்பிடி வள்ளத்தில் போன குடும்பத்திலிருந்து இயற்பியல் படிக்க வந்த முதல் ஆள். அலைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தான். ஹாஜிராவுக்கு ஊர் தக்கலை, படிப்பு கணினி. ஒரே பஸ்ஸில் நின்றபடி வந்துபோனதில் ஏற்பட்ட சிநேகம்.

“கம்ப்யூட்டர் படிச்சவ நீ. கமாவுக்காகக் கெடந்து அழுக. அந்த வேலைய அதுகிட்டயே குடுத்தா என்ன?” என்றான் அவன்.

அப்படிப் பிறந்ததுதான் ‘சான்று’. நூலின் பெயரையோ இணைப்பையோ கொடுத்தால் போதும். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் எல்லாவற்றையும் எந்தப் பல்கலைக்கழகம் எந்த முறையில் கேட்கிறதோ அந்த முறையில் அடுக்கிக் கொடுக்கும். ததேயுஸ்தான் அதை முதலில் பயன்படுத்தியவன். அடுத்த வருடம் விடுதியில் பாதிப் பேர் கையில் அது இருந்தது. அதற்கடுத்த வருடம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஹாஜிரா சென்னைக்குப் போய்த் தரமணியில் ஒரு சின்ன அலுவலகம் பிடித்தாள்.

பிறகு காலம் கெட்டது. இயந்திரங்கள் எழுதிக் குவித்த போலிக் கட்டுரைகளில் பல்கலைக்கழகங்கள் மூச்சுத் திணறின. பிறக்காத ஆய்வாளர்கள், நடக்காத சோதனைகள், அச்சேறாத இதழ்கள். அப்படி ஒரு கட்டுரையை நம்பிச் சிபாரிசு செய்த பூச்சிமருந்தால் டெல்டாவில் ஒரு போகம் நெல் அப்படியே கருகியது. கருகிய வயலில் நின்று ஒரு விவசாயி, “படிச்சவங்கதானே எழுதினாங்க?” என்று கேட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஹாஜிரா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

அவள் சான்றை மாற்றி எழுதினாள். இப்போது அது காற்புள்ளி மட்டும் போடவில்லை. நீங்கள் ஒரு மேற்கோள் காட்டினால் அந்த மூலத்தைத் தேடிப் போய்ப் படித்தது. அதில் அப்படி இருக்கிறதா என்று பார்த்தது. அந்த மூலம் காட்டும் மூலத்துக்கும் போனது. இப்படி வேர்வரை போய்வந்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எடை கொடுத்தது. ஒரு மூலம் பொய்யென்று தெரிந்தால் அதை நம்பி நிற்கும் எல்லாவற்றையும் அந்த நிமிடமே நிறுத்திவைத்தது. எவ்வளவு பெரிய பேராசிரியரின் கட்டுரையானாலும் தயவு கிடையாது.

அரசுக்கு அது பிடித்துப்போனது. ஆய்வு மன்றம் என்று ஒன்றை அமைத்து, சான்றை எல்லாருக்கும் கட்டாயமாக்கினார்கள். மருந்தின் அளவிலிருந்து பாலத்தின் கணக்குவரை, சான்றில் எடை தேறாத எதையும் எந்தத் துறையும் பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்தது. போலிகள் ஒழிந்தன. ஹாஜிராவுக்கு விருது கொடுத்தார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான், இல்லையென்று சொல்ல முடியாது.

ததேயுஸ் ஊரைவிட்டு வரவில்லை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தான். பெல்சி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு கருந்துறையிலேயே வீடு கட்டினான். ஆன்சி என்று ஒரு மகள்.

ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவன் தரமணி அலுவலகத்தில் வந்து நின்றான். கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். வரவேற்பில் இருந்த பெண் மூக்கைச் சுளித்ததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

“கள்ளக்கடலப் பத்தி ஒனக்குத் தெரியும்லா?” என்று உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

தெரியும். காற்றும் மழையும் இல்லாத நாளில், வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல் பொங்கி ஊருக்குள் வரும். எங்கோ தென்கோடியில் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து திருடனைப் போல வந்து சேருவது. அதனால்தான் அந்தப் பெயர்.

“எச்சரிக்கை மையம் அறிவிக்கத்தானே செய்யுது?”

“அறிவிக்கும். மாவட்டத்துக்கே சேத்து ஒண்ணு. இன்னைக்கோ நாளைக்கோ, வந்தாலும் வரும், வராட்டியும் வராது. அதக் கேட்டு எவன் ஹாஜிரா வீட்டப் பூட்டிட்டுப் போவான்?” அவன் தன் கைபேசியை எடுத்தான். “இதப் பாரு. பொழிமுகத்துல ஒரு அழுத்தமானி போட்டு வச்சிருக்கேன். ஆறு வந்து கடல்ல சேருத எடம். கள்ளக்கடல் வாரதுக்கு முன்னால அங்க தண்ணி மெதுவா ஏறி மெதுவா எறங்கும். கண்ணுக்கே தெரியாது. யாரோ தூக்கத்துல மூச்சு விடுத மாதிரி. அப்படி மூச்சு நீண்டுச்சுன்னா, மூணு நாலு மணி நேரத்துல கடல் ஊருக்குள்ள வந்துரும். இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட தப்பல்ல.”

“எழுதினியா?”

“எழுதினேன். ஒன் சான்று என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘ஆதாரம்: ஆசிரியரின் சொந்த அவதானிப்பு. எடை போதாது.’ மையத்துல கேட்டேன். எடை இல்லாதத நாங்க தொடக் கூடாது சார்ங்கான்.”

ஹாஜிரா அவனுடைய கட்டுரையைத் திரையில் கொண்டுவந்தாள். நல்ல கட்டுரை. வாக்கியங்களில் அவன் பேசுவது போன்ற ஒரு நேர்த்தி இருந்தது.

“வேற யாராவது தனியா வந்து இதே மாதிரி அளந்து எழுதணும் ததேயு. அப்பத்தான் எடை ஏறும்.”

“யாரு வருவா? கருந்துறைக்கு பஸ்ஸே ஒழுங்கா வராது.”

“இல்லன்னா முன்னால யாராவது இதப் பத்தி எழுதியிருக்கணும்.”

“எழுதல்ல. நானும் தேடிட்டேன். நான்தான் முதல்.” அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இல்லை. ஏதோ வியாதியைச் சொல்வது போலச் சொன்னான். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். “பழைய நூலக அறிக்கைகள நீங்கதானே சான்று தேடிப் படிக்குத களஞ்சியத்துல ஏத்துதீங்க? ஒரு பேரு, ஒரு வருஷம், நாலு வரி. என் பேரே வேண்டாம். எவன் பேரையாவது போடு.”

அவன் என்ன கேட்கிறான் என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது.

“பொய்யான மூலத்த உள்ள வைக்கச் சொல்றியா?”

“விஷயம் பொய் இல்லியே.”

“இன்னைக்கு உண்மைக்காக ஒரு பொய்ய வச்சா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து என் விஷயமும் உண்மைதான்னு நிப்பான். அந்த நெல்லு கருகினத நீ பாக்கலியா? இத நான் கட்டினதே அதுக்காகத்தான்.”

ததேயுஸ் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். தன்னோடு வாதாடுவான் என்று எதிர்பார்த்தாள். வாதாடியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டாள்.

“நீ சொல்லுததும் சரிதான்” என்று எழுந்தான். “ஒன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். கருவாட்ட வெயில்ல ஒரு தடவ காட்டிட்டுப் பொரி.”

மே மாதத்தில் அது நடந்தது.

அன்று கருந்துறையில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. எச்சரிக்கை மையத்தின் பலகை பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்று காட்டிக்கொண்டிருந்தது. காலையில் அழுத்தமானியைப் பார்த்த ததேயுஸ் கல்லூரிக்குப் போகவில்லை. முதலில் மையத்துக்குப் பேசினான். பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார்கள். பிறகு பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கோயில் மணியை அடிக்கச் சொன்னான். கொஞ்சம் பேர் மேட்டில் ஏறினார்கள். மற்றவர்கள் பலகையைப் பார்த்தார்கள், அது பச்சையாக இருந்தது.

“வாத்தியாருக்கு வேற வேல இல்லன்னு சிரிச்சாவ அக்கா” என்று பெல்சி பின்னால் ஹாஜிராவிடம் சொன்னாள். “மத்தியானம் சோத்துக்குக்கூட வரல்ல. வீடு வீடா ஏறி எறங்குனாரு. என்னையும் பிள்ளையையும் மேட்டுல நிறுத்திட்டு, சிலுவை அடிச் சந்துல ரெண்டு கெழவிய இருக்காவ, கூட்டிட்டு வந்திருகேன்னு போனாரு. நான் மேட்டுல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வெள்ளயா நுரச்சு அல ஒண்ணும் வரல்ல. கடல் அப்படியே ஒசந்து, நடந்து வந்துச்சு.”

ஏழு பேர் போனார்கள். ததேயுஸின் உடல் மறுநாள் குளச்சல் பக்கம் கரை ஒதுங்கியது.

அடக்கத்துக்கு வந்த ஹாஜிரா கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் நின்றாள். பெல்சியிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. அவன் சென்னைக்கு வந்து கேட்டது பெல்சிக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஆன்சி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அழாமல், வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. ஆதாரம் போதாத ஒரு கூற்றை மையம் பயன்படுத்தாதது விதிப்படி சரியே என்று அதில் இருந்தது. கீழே சான்று ஒழுங்காக அடிக்குறிப்பு போட்டிருந்தது, எல்லாக் காற்புள்ளிகளும் சரியான இடத்தில்.

ஹாஜிரா நேர்வழியில் முயன்று பார்த்தாள். ததேயுஸின் கட்டுரையை அன்றைய அழுத்தமானிப் பதிவோடு சேர்த்து மன்றத்துக்கு அனுப்பினாள். நேரிலும் போனாள். மன்றத்தின் செயலர் வரதராஜன் நல்ல மனிதர். அவளுக்கு டீ வரவழைத்தார்.

“மேடம், உங்க வருத்தம் புரியுது. ஆனா பதிவோட இருக்கிறது ஒரே ஒரு நிகழ்ச்சி. அளந்தவர் இறந்துட்டார். கருவியைச் சரிபார்த்த பதிவு எதுவும் இல்லை. ஒரு குழு போட்டு, அவங்க வெவ்வேற இடத்துல அளந்து, ரெண்டு மூணு வருஷம் ஆகும்.”

“அடுத்த மே மாசமே திரும்ப வரலாம் சார்.”

“வரலாம்” என்றார் அவர். “ஆனா இந்த எடை விதியை எழுதினதே நீங்கதானே.”

ஊருக்குப் போகும் ரயில் எங்காவது நிற்கும்போதோ, குழாயில் தண்ணீர் நிரம்பும்போதோ, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போதோ அந்த வாக்கியம் அவளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அடுத்த மார்ச் மாதம் ஒரு பகல்வேளையில், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் களஞ்சியத்தைத் திறந்தாள்.

முதலில் ததேயுஸின் பெயரையே போடத்தான் நினைத்தாள். முடியாது. அவன் பெயர் போட்டால் அது சொந்த அவதானிப்பு ஆகிவிடும். வேறு ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு பெயரில் எந்தக் கல்லூரியில் எந்த ஆசிரியர் இருந்தார் என்று சான்று சரமாரியாகக் கேட்டது. கடைசியில் ஒரு வெள்ளைக்காரன் பெயரை எழுதினாள். டி. எச். மெல்லிங், துறைமுக அதிகாரி, 1911. தெற்குக் கரையின் பொழிமுகங்களில் நீர்மட்டம் பற்றிய குறிப்புகள். ததேயுஸின் கட்டுரையிலிருந்து அந்த நான்கு வரிகளை எடுத்து, பழைய ஆங்கில நடையில் மாற்றி உள்ளே வைத்தாள்.

சான்று எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்துத் துரைமார் எழுதியவற்றுக்கு அது எப்போதுமே நல்ல எடை கொடுக்கும். அப்படிக் கொடுக்கும்படி எழுதியவளும் அவள்தான். அப்போது அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

எடை தேறியதால், ஏப்ரலில் கருந்துறையிலும் பக்கத்து ஊர்களிலும் மையத்தின் ஆள்கள் வந்து பொழிமுகங்களில் கருவியும் ஊருக்குள் சைரனும் பொருத்தினார்கள். மே கடைசியில் பெல்சியிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஒரே கூச்சல், குழந்தைகளின் அழுகை, மணியோசை.

“அக்கா! சைரன் அடிச்சிச்சு அக்கா. எல்லாரும் மேல ஏறிட்டோம். ஒரு உசிருகூடக் கீழ இல்ல. கடல் வந்து வெறும் வீட்டப் பாத்துட்டுப் போயிருச்சு.” பெல்சி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. “அவரு இருந்தா…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

ஹாஜிரா ததேயுஸின் கட்டுரையைத் திரையில் திறந்தாள். போன வருடமே இதைச் செய்திருக்கலாம். அவன் கேட்டது நான்கு வரிதான்.

அதன் பிறகு மெல்லிங் வளர ஆரம்பித்தார். எட்டு வருடங்களில் அவரை மேற்கோள் காட்டாத கடல் ஆய்வே இல்லை என்றானது. சைரன் எத்தனை முறை சரியாக அடித்தது என்று எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் அவரிடமிருந்தே தொடங்கியது. ஓர் ஆய்வாளர் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். மெல்லிங் துரை மீனவர்களோடு வள்ளத்தில் போவாராம், கொல்லம் முந்திரி என்றால் உயிராம். ஒரு கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்துக்கு அவர் பெயரை வைத்து, மீசை வைத்த யாரோ ஒரு வெள்ளைக்காரரின் படத்தை மாட்டினார்கள். திறப்பு விழாவுக்கு ஹாஜிராவையும் அழைத்திருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

இதற்குள் களஞ்சியத்தை மன்றமே முழுதாக எடுத்துக்கொண்டது. அதைத் திருத்த ஹாஜிராவின் கையில் இருந்த சாவிகள் எல்லாம் போயின. ஆலோசகர் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

ஆன்சி அப்போது சென்னையில்தான் கடலியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஜிரா வீட்டுக்குச் சாப்பிட வருவாள். கலகலப்பான பெண். அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்த ஞாயிறு அவள் சிரிக்கவில்லை. பிரியாணியை ஒதுக்கி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். எங்கப்பா திருடினாரா?”

“என்னம்மா பேசுற?”

“நாகர்கோவில் காலேஜ்ல அப்பா பேர்ல ஒரு பரிசு குடுப்பாங்கல்ல? இந்த வருஷம் இல்ல. ஏன்னு அம்மா போய்க் கேட்டிருக்கா. ஒண்ணும் சொல்லாம டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. நான் தேடிப் பாத்தேன்.” அவள் திரையைத் திருப்பினாள்.

அது ததேயுஸின் கட்டுரை. மேலே சிவப்புப் பட்டையில் எழுதியிருந்தது: ‘எச்சரிக்கை. இக்கட்டுரையின் மையக் கருத்து மெல்லிங் (1911) என்பவரிடமிருந்து, மூலம் குறிப்பிடாமல் எடுத்தாளப்பட்டது.’

ஹாஜிராவுக்கு அப்போதுதான் புரிந்தது. களஞ்சியத்தில் பழைய மூலம் ஒன்று சேர்ந்தால், சான்று பின்னால் வந்த எல்லாவற்றையும் மெல்ல மெல்லத் திரும்பப் படிக்கும். அதே வரிகள் கண்ணில் பட்டால் முந்தியவரை ஆசிரியராகவும் பிந்தியவரைத் திருடராகவும் குறிக்கும். ததேயுஸின் வரிகளைத்தான் அவள் மெல்லிங்குக்குக் கொடுத்திருந்தாள். ஏன் இதை யோசிக்காமல் போனோம் என்று இருந்தது.

“என் புராஜெக்ட்லயும் இதே கதைதான்” என்றாள் ஆன்சி. “முகவுரைல, பொழிமுகத்துல கடல் மூச்சு விடும்னு எங்கப்பா ததேயுஸ் சொல்லுவாருன்னு ஒரு வரி எழுதினேன். சான்று அத அடிச்சிட்டு மெல்லிங்னு போடுது. நான் ஏத்துக்கலன்னா சமர்ப்பிக்க விடாது. நாளைக்குக் கடைசி நாள்.” மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “பரவாயில்ல ஆன்ட்டி, படிச்சிட்டுத்தான் சொன்னாருன்னா சொல்லட்டும். ஆனா எங்கிட்ட ‘இத நான்தாம்ட்டி முதல்ல பாத்தேன்’னு சொல்லியிருக்காரு. நான் சின்னப் பிள்ள, என்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?”

“உங்கப்பா பொய் சொல்லல்ல” என்றாள் ஹாஜிரா. “மெல்லிங்னு ஒருத்தர் கிடையாது.”

எல்லாவற்றையும் சொன்னாள். கருவாட்டுப் பொட்டலத்தோடு அவன் வந்தது, கேட்டது, தான் மறுத்தது, பிறகு தானே அதைச் செய்தது. எதையும் பூசி மெழுகவில்லை. ஆன்சி ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல் கேட்டாள். கல்லறைத் தோட்டத்தில் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்.

“அவர் கேட்டப்பவே போட்டிருந்தா இருந்திருப்பாரு.”

“ஆமாம்மா.”

“பெறகு எதுக்கு ஒரு வெள்ளக்காரன்? கடற்கரைக்காரன் பேரு ஒண்ணு போட்டா ஆகாதா?”

“சான்று எடுத்துக்காதும்மா. அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன்.”

ஆன்சி எழுந்து பால்கனிக் கதவுவரை போய் நின்றாள். கீழே தெருவில் இளநீர் வண்டிக்காரன் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கே மன்றத்துல போய்ச் சொல்லிடுறேன் ஆன்சி. என்னை என்ன வேணாலும் பண்ணட்டும். உங்கப்பா மேல இருக்கிற அந்தச் சிவப்புப் பட்டை போயிரும்.”

“போயிரும். அப்புறம்?” அவள் திரும்பினாள். “மூலம் பொய்யின்னா அதுல நிக்கிறது எல்லாம் அந்த நிமிஷமே நிக்கும். எங்க சிலபஸ்லயே இருக்கு ஆன்ட்டி.”

ஹாஜிரா தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

“சைரனும் நிக்குமா?”

“நிக்கும்.”

“எட்டு வருஷமா சரியா அடிச்சிருக்கே. அது ஆதாரம் இல்லியா?”

“அந்தக் கட்டுரை எல்லாத்துக்கும் முதல் வரியில மெல்லிங்தான் இருக்காரு. அவர் விழுந்தா எல்லாம் சேந்து விழும். திரும்ப ஒவ்வொண்ணா நிமித்தி எடுக்கணும். ஒரு வருஷமோ, மூணு வருஷமோ. என் கையில ஒண்ணும் இல்ல இப்ப.”

“இது மே மாசம்” என்றாள் ஆன்சி.

வந்து மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்து அம்மாவை அழைத்தாள். கருந்துறையில் பெல்சி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் போல, காற்றில் பேச்சு துண்டு துண்டாக வந்தது. சாப்பிட்டியா, தலைக்குக் குளிச்சியா, மேட்டுல புதுசா படி கட்டுதாவ, சைரனுக்குக் கரண்டு போனாலும் ஓடுத மாதிரி பேட்டரி வச்சிருக்காவ. ஆன்சி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

“அம்மா, அந்தப் பரிசு விஷயமா நீ இனி யாருகிட்டயும் போய்க் கேக்காத” என்றாள் கடைசியில்.

“ஏம்ட்டி? ஒங்கப்பா பேரு…”

“கேக்காதன்னா கேக்காத. நான் பாத்துக்கிடுகேன்.”

கைபேசியை வைத்துவிட்டுத் தன் கட்டுரையைத் திறந்தாள். ததேயுஸின் பெயர் இருந்த வரியின் மேல் மெல்லிய கோடு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சிறு கட்டம், அதற்கு எதிரே ஒரு வாக்கியம்: ‘என் தந்தையின் பெயரில் நான் குறிப்பிட்ட கருத்து மெல்லிங் (1911) என்பவருக்கே உரியது என்பதை ஏற்கிறேன்.’

“வேண்டாம் ஆன்சி” என்றாள் ஹாஜிரா. “முகவுரைய மாத்திடு. அந்த வரியே இல்லாம எழுது.”

“அந்த வரி இல்லாம எனக்கு எழுதத் தெரியாது.”

அவள் கட்டத்தில் அழுத்தினாள். பெயர் மறைந்தது. அந்த இடத்தில் மெல்லிங் வந்து உட்கார்ந்தார், ஆண்டு அடைப்புக்குறிக்குள், நூல் சாய்வெழுத்தில், எல்லாம் முறையாக. திரையின் நடுவே பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘நன்றி. உங்கள் கட்டுரை இப்போது நேர்மையாக இருக்கிறது.’

ஆன்சி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

“இத யாரு ஆன்ட்டி எழுதினது?”

“நான்தான்” என்றாள் ஹாஜிரா. “உன் வயசுல.”